வளர்ப்புக் கிளியைப் பழக்குதல்

வளர்ப்புக் கிளியைப் பழக்குதல் என்பது, ஒரு வீட்டுக்குப் புதிதாக வந்து சேர்ந்த கிளி அவ்விடத்துக்கும் அங்குள்ள மனிதருக்கும் அஞ்சாமல் வாழும் வகையில் வளர்ப்பவர் மேற்கொள்ளும் முறைகளைக் குறிக்கும். கடையிலோ இனப்பெருக்கம் செய்பவரிடமோ பெறப்பட்ட இளங்கிளிகளுக்கும், முந்தைய வளர்ப்பாளரிடமிருந்து கைமாறி வந்த வயதான கிளிகளுக்கும் இது பொருந்தும். பேசக் கற்பித்தலும் வித்தைகள் கற்பித்தலும் இதிலிருந்து வேறானவை. கிளி தானாகவே மனிதரை அணுகுவதும், விரும்பாதபோது விலகிச் செல்லும் வாய்ப்பு அதற்கு இருப்பதுமே இம்முறைகளின் அடிப்படை ஆகும்.

கிளிகளில் ஏறத்தாழ 400 இனங்கள் உள்ளன. அவற்றுள் சிலவே வீடுகளில் பரவலாக வளர்க்கப்படுகின்றன. ஆத்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட பட்ஜெரிகர் தமிழ்நாட்டுப் பறவைக் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்னும் பெயரில் விற்கப்படுகிறது. உண்மையான லவ் பேர்ட் என்பது வேறோர் ஆப்பிரிக்க இனம் ஆகும். தலையில் கொண்டை உடைய காக்கட்டீலும் ஆத்திரேலியப் பறவையே. கடைகளில் இது 'காக்டெயில்' எனப்படுகிறது. மேற்கு, நடு ஆப்பிரிக்கக் காடுகளைச் சேர்ந்த சாம்பல் கிளி பேச்சுத் திறனுக்குப் பெயர் பெற்றது. இக்கட்டுரையில் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் காக்கட்டீலையும் சாம்பல் கிளியையும் பற்றியவை.

கிளியின் இயல்பு

நாய் மனிதருடன் வாழத் தொடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. அத்தனை தலைமுறைகளிலும் மனிதரிடம் இணக்கமாக இருந்தவையே தேர்ந்து வளர்க்கப்பட்டன. கிளிக்கு இத்தகைய வரலாறு இல்லை. பட்ஜெரிகரை உயிருடன் இங்கிலாந்துக்கு முதலில் கொண்டு வந்தவர் பறவையியலாளர் ஜான் கூல்ட், ஆண்டு 1840. சாம்பல் கிளிகளைப் பொறுத்தவரை, வீடுகளில் வாழும் வயதான பறவைகளுள் காட்டில் பிடிக்கப்பட்டவையும் உள்ளன. ஏனையவற்றில் பல, காட்டுப் பறவைகளிலிருந்து ஓரிரு தலைமுறையே விலகியவை. எனவே கூண்டில் பிறந்த கிளியும் உடலாலும் உள்ளுணர்வாலும் காட்டுப் பறவையாகவே கருதப்பட வேண்டும்.

காட்டில் கிளி வேட்டையாடப்படும் விலங்கு. அதன் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்து மிக அகன்ற பார்வைப் பரப்பைத் தருகின்றன. இரு கண்களும் முன்னோக்கிய ஓர் உருவம் நேராகப் பார்த்தபடி நெருங்குவதும், மேலிருந்து ஒரு கை திடீரென இறங்குவதும் அதற்கு வல்லூறின் வருகையை ஒத்தவை. அன்பு மிகுதியால் கூண்டுக்குள் கை நீட்டும் புதிய வளர்ப்பாளர் இதனை அறிவதில்லை. அவர் தடவிக் கொடுக்க நினைக்கிறார். கிளியோ பிடிபடப் போவதாக நினைக்கிறது.

மறுபுறம், கிளி கூட்டமாக வாழும் பறவை. உண்பது, உறங்குவது, இடம் பெயர்வது அனைத்தையும் கூட்டத்தோடு சேர்ந்தே செய்கிறது. கூட்டத்தில் ஒரு பறவை அமைதியாக இரை தின்றால் அது ஆபத்து இல்லை என்பதற்கான அடையாளம் ஆகும். புதிய வீட்டில் தனித்து விடப்பட்ட கிளிக்கு அச்சமும் உண்டு, துணைக்கான தேவையும் உண்டு. பழக்கும் முறைகள் அனைத்தும் இவ்விரண்டாவது பண்பைப் பயன்படுத்தி முதலாவதைத் தணிப்பவையே.

முதல் நாட்கள்

கிளி வருவதற்கு முன்பே கூண்டு ஆயத்தமாக இருத்தல் நல்லது. கூண்டின் ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி இருக்க வேண்டும். நாற்புறமும் திறந்த இடத்தில் வைக்கப்பட்ட கிளி எல்லாத் திசைகளையும் காவல் காக்க வேண்டியதாகிறது. வீட்டார் புழங்கும் அறையே ஏற்றது, ஆயினும் வாயிற்கதவுக்கு அருகிலும் தொலைக்காட்சிக்கு அருகிலும் வைத்தல் கூடாது. சமையலறை முற்றிலும் விலக்கப்பட வேண்டிய இடம். ஒட்டாத பூச்சு கொண்ட நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மேல் சூடாகும்போது வெளிவரும் வாயு, மனிதருக்குப் பெரிதாகத் தெரியாத அளவிலேயே பறவைகளைச் சில நிமிடங்களில் கொன்றுவிடக் கூடியது. பறவையின் நுரையீரல் காற்றிலிருந்து உயிர்வளியைப் பிரிப்பதில் பாலூட்டிகளினதை விடத் திறன் மிக்கது; அதனாலேயே நச்சுப் புகையும் அதனை விரைவாகத் தாக்குகிறது. சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் ஆகியவற்றின் புகையும் கிளி இருக்கும் அறையில் தவிர்க்கப்பட வேண்டியவை.

இந்திய வீடுகளில் மற்றொரு பேரிடர் கூரை மின்விசிறி. கூண்டைத் திறப்பதற்கு முன் விசிறியை நிறுத்துவது வீட்டார் அனைவருக்கும் பழக்கமாகும் வரை கிளியை வெளியே விடாதிருப்பதே அறிவுடைமை. சன்னல் கண்ணாடிகளைத் திரையிட்டு மூட வேண்டும். புதிய கிளி கண்ணாடியைக் காணாமல் அதன்மீது பறந்து மோதும்.

முதல் சில வாரங்களுக்கு உணவை மாற்றாதிருத்தல் முக்கியமானது. வெறும் விதை உணவு கிளிக்கு ஏற்றதன்று என்பதும், உருண்டைத் தீவனம், காய்கறி, கீரை, சிறிது பழம் என மாற்ற வேண்டும் என்பதும் உண்மையே. ஆயினும் இடம், மனிதர், ஒலி எல்லாம் மாறிவிட்ட வேளையில் உணவும் மாறினால் கிளி உண்ணாமலேயே இருந்துவிடக் கூடும். முந்தைய இடத்தில் என்ன கொடுக்கப்பட்டதோ அதையே, இயன்றால் அதே கிண்ணத்தில், கொடுப்பது நன்று. அவகேடோ எனப்படும் வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காப்பி, மது, உப்பு மிகுந்த தின்பண்டம் ஆகியவை எக்காலத்திலும் கொடுக்கத் தகாதவை.

விதை உண்ணும் கிளி உமியை நீக்கிவிட்டு உள்ளீட்டை மட்டுமே விழுங்கும். உமி கிண்ணத்திலேயே மேலாக விழுந்து கிடப்பதால் கிண்ணம் நிறைந்திருப்பது போலத் தோன்றும். நிறைந்த கிண்ணத்தின் முன் கிளி பட்டினி கிடப்பது புதிய வளர்ப்பாளரிடையே நிகழும் தவறு ஆகும். நாள்தோறும் உமியை ஊதி நீக்கிப் பார்க்க வேண்டும். கிளி உண்டதா என்பதை எச்சத்தின் அளவைக் கொண்டும் அறியலாம். எல்லாவற்றினும் நம்பகமானது எடை. கிராம் அளவில் காட்டும் சமையல் தராசு ஒன்றின் மீது ஒரு கம்பை வைத்தால் போதும். காக்கட்டீல் பொதுவாக 80 முதல் 120 கிராம் வரையும், சாம்பல் கிளி 400 முதல் 500 கிராம் வரையும் இருக்கும். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் பறவைகளை அறிந்த கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். நோயுற்ற கிளி தன் நோயை மறைக்கும். சோர்ந்த பறவையையே வேட்டை விலங்கு முதலில் தேர்ந்தெடுக்கும் என்பதால் உருவான பண்பு இது. சிறகை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் அமர்ந்திருக்கும் கிளி 'இன்னும் பழகவில்லை' என எண்ணி விடப்படுவதும், உண்மையில் அது கடும் நோயுற்றிருப்பதும் உண்டு.

வீட்டில் வேறு பறவைகள் இருந்தால் புதிய கிளியை ஒரு மாதத்துக்குக் குறையாமல் தனி அறையில் வைப்பது வழக்கம். கிளிக்காய்ச்சல் எனப்படும் சிட்டகோசிசு நோய் மனிதருக்கும் தொற்றக்கூடியது ஆகையால் எச்சத்தைத் தூய்மை செய்தபின் கைகளைக் கழுவ வேண்டும்.

கிளிக்கு நாளொன்றுக்கு 10 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை. காக்கட்டீல்கள் இருளில் திடீரென அஞ்சிக் கூண்டுக்குள் சிறகடித்து மோதிக்கொள்ளும் இயல்புடையவை. புதிய இடத்தில் இது அதிகம் நிகழக்கூடும். மங்கலான இரவு விளக்கு ஒன்று இதனைக் குறைக்கும். தீபாவளி வெடிகளின் காலத்தில் புதுக் கிளியை வீட்டுக்குக் கொண்டு வராதிருப்பது இரு தரப்புக்கும் நன்மை.

முதல் மூன்று நாட்கள் கிளியைத் தொந்தரவு செய்யாமல் விட வேண்டும் எனப் பரவலாகக் கூறப்படுகிறது. நாட்கணக்கு அத்துணைப் பயனுடையதன்று. சில காக்கட்டீல்கள் மறுநாளே கம்பியருகே வரும். சில சாம்பல் கிளிகள் மாதக்கணக்கில் மூலையை விட்டு நகர்வதில்லை. மனிதர் அறையில் இருக்கும்போது கிளி இரை எடுக்கிறதா என்பதே சரியான அளவுகோல். எடுக்கும்வரை வளர்ப்பவர் செய்யக் கூடியது, சற்றுத் தொலைவில் பக்கவாட்டில் அமர்ந்து ஏதேனும் படித்துக்கொண்டோ மெல்லப் பேசிக்கொண்டோ இருப்பது மட்டுமே. தானும் ஏதாவது உண்டுகொண்டிருந்தால் இன்னும் நல்லது.

உடல்மொழி

கிளியின் உடல்மொழியை அறியாமல் அதனைப் பழக்குவது இயலாது. அச்சமுற்ற கிளி இறகுகளை உடலோடு ஒட்ட இறுக்கி, மெலிந்து நீண்டது போலத் தோன்றும். கழுத்தை உயர்த்தி அசைவற்று நிற்கும். அசைவற்று நிற்பதை அமைதி எனத் தவறாகக் கொள்வது மிகப் பரவலானது. அமைதியுற்ற கிளியின் இறகுகள் சற்றுத் தளர்ந்திருக்கும். ஒரு காலை மடக்கி வைத்துக்கொள்ளும். அலகால் இறகு கோதும். உறங்குமுன் அலகின் இரு பகுதிகளையும் ஒன்றோடொன்று தேய்த்து அரைக்கும் ஒலி எழுப்பும். இவ்வொலியைப் பல்லைக் கடிப்பதாக எண்ணிக் கவலைப்படுவோர் உளர். இது நிறைவின் அடையாளம் ஆகும்.

காக்கட்டீலின் கொண்டையே ஒரு அளவுமானி போன்றது. செங்குத்தாக நின்றால் வியப்பு அல்லது திடுக்கிடல். தலையோடு ஒட்டப் படிந்து, கூடவே சீறல் ஒலியும் கேட்டால் சினமோ அச்சமோ. இடைநிலையில் சற்றுச் சாய்ந்திருந்தால் இயல்பு நிலை. சாம்பல் கிளிக்குக் கொண்டை இல்லை ஆகையால் கண்ணைப் பார்க்க வேண்டும். கண்மணி விரைவாகச் சுருங்கி விரிவது கிளர்ச்சியைக் காட்டும். அது மகிழ்ச்சிக் கிளர்ச்சியாகவும் இருக்கலாம், தாக்குவதற்கு முந்தைய கிளர்ச்சியாகவும் இருக்கலாம். வால் இறகுகள் விசிறி போல விரிந்து, பிடரி இறகுகளும் சிலிர்த்திருந்தால் இரண்டாவது வகை எனக் கொண்டு விலகுவது நலம். அச்சமுற்ற சாம்பல் கிளிகள் தொண்டையிலிருந்து உறுமல் போன்ற ஒலியையும் எழுப்பும்.

இவற்றைவிட நுண்ணிய குறிப்புகளே பழக்குதலில் அதிகம் பயன்படுகின்றன. உடலைச் சற்றுப் பின்னோக்கிச் சாய்த்தல், எடையை மறு காலுக்கு மாற்றுதல், மெல்வதை இடையில் நிறுத்துதல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல் ஆகியவை 'போதும்' எனப் பொருள்படும். இந்த நிலையிலேயே கையைப் பின்னிழுத்துக்கொள்ளும் வளர்ப்பாளரிடம் கிளிக்குச் சீறவோ கடிக்கவோ தேவை ஏற்படுவதில்லை.

நம்பிக்கையை வளர்க்கும் படிகள்

தற்காலத்தில் பின்பற்றப்படும் முறைகள், அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் வகுத்த செயல்படு ஆக்கநிலையிறுத்தல் கோட்பாட்டிலிருந்து வந்தவை. ஒரு செயலைத் தொடர்ந்து விரும்பத்தக்க விளைவு ஏற்பட்டால் அச்செயல் மீண்டும் நிகழும் என்பது இதன் சுருக்கம். இதனை நேர் வலுவூட்டல் என்பர். வீட்டுக் கிளிகளுக்கு இக்கோட்பாட்டை விரிவாகப் பொருத்திக் காட்டியவர்களுள் யூட்டா மாநிலப் பல்கலைக்கழக உளவியலாளர் சூசன் பிரீட்மன் குறிப்பிடத்தக்கவர். பலன் தரும் முறைகளுள் விலங்கின் மீது மிகக் குறைந்த அளவே வலிந்து தலையிடும் முறையை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவரது வலியுறுத்தல்.

முதற்படி தொலைவை அறிதல் ஆகும். வளர்ப்பவர் கூண்டை நோக்கி மெல்ல நடக்கும்போது ஏதோ ஓரிடத்தில் கிளி விறைக்கும். அது மூன்று மீட்டராகவும் இருக்கலாம், அரை மீட்டராகவும் இருக்கலாம். அந்த இடத்துக்கு ஓரடி முன்பாகவே நின்று, கிளி தளர்ந்ததும் திரும்பிச் செல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் கூண்டைக் கடந்து செல்கையில் கிண்ணத்தில் கிளிக்கு விருப்பமான தீனி ஒன்றைப் போட்டுவிட்டுச் செல்வதும் உண்டு. சில நாட்களில், ஆள் வந்தால் நல்லது கிடைக்கும் என்னும் தொடர்பு கிளியின் நினைவில் பதிகிறது. விறைக்கும் தொலைவு தானாகக் குறையும்.

விருப்பமான தீனி எது என்பதை வளர்ப்பவர் முடிவு செய்ய இயலாது. ஒரு தட்டில் பல வகைகளை வைத்துக் கிளி முதலில் எதை எடுக்கிறது எனப் பார்க்க வேண்டும். சாம்பல் கிளிகளுக்குப் பாதாம், அக்ரூட் துண்டுகள் பெரும்பாலும் பிடிக்கும். சிறிய கிளிகளுக்குத் தினைக்கதிர் சிறந்தது. வெளிநாட்டுப் பறவைத் தீவனக் கடைகளில் கதிரோடு விற்கப்படுவதும் நம் நாட்டுத் தினையே. சங்க இலக்கியக் குறிஞ்சித் திணைப் பாடல்களில் மகளிர் தினைப்புனத்திலிருந்து கிளிகளை விரட்டிக் காவல் காப்பதைக் காணலாம். கிளிக்குத் தினை மேலுள்ள ஈர்ப்பு அத்துணைப் பழைமையானது. நீண்ட கதிரைக் கம்பி வழியாக நீட்டும்போது கைக்கும் அலகுக்கும் இடையே போதிய தொலைவு இருப்பது இதன் கூடுதல் பயன். நாள்தோறும் பிடியை ஓரிரு சென்டிமீட்டர் முன்னோக்கி நகர்த்தினால் ஒரு நாள் கிளி விரல்களுக்கு அருகிலேயே நின்று தின்னும்.

அடுத்தது இலக்குக் குச்சிப் பயிற்சி. உணவுக்குச்சி போன்ற மெல்லிய குச்சி ஒன்றின் நுனியைக் கிளி அலகால் தொட்டால் உடனே ஒரு குறியொலியும் அதையடுத்து ஒரு துண்டுத் தீனியும் கொடுக்கப்படுகின்றன. குறியொலிக்குக் கிளிக்கர் என்னும் சிறு கருவியைப் பயன்படுத்தலாம். 'சரி' என்ற ஒரு சொல்லும் போதும். ஒலி, செயல் நிகழ்ந்த அதே நொடியில் வர வேண்டும் என்பதே கட்டாயம். தொடுவதைக் கற்ற கிளியைக் குச்சியின் துணையால் எங்கும் அழைத்துச் செல்ல இயலும்: கூண்டின் மறுபக்கத்துக்கு, தராசின் மீது, பயணக் கூண்டுக்குள், இறுதியில் கைக்கு. பயிற்சி ஒருமுறைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடிக்க வேண்டியதில்லை. கிளி ஆர்வத்தோடு இருக்கும்போதே நிறுத்துவது நல்லது.

கையில் ஏறுதல் இவற்றின் பின்னரே வர வேண்டும். கையைக் கிளியின் வயிற்றில் இடித்து ஏற வைப்பது பழைய வழக்கம். மாறாக, கையைக் கிளிக்கு முன்பாகச் சற்றுத் தொலைவில் அசையாது வைத்து, மறுபுறம் இலக்குக் குச்சியைக் காட்டினால், கிளி முதலில் ஒரு காலை மட்டும் கைமீது வைக்கும். அதற்கே தீனி கொடுக்கப்படுகிறது. இரண்டாம் கால் அன்றே வர வேண்டும் என்பதில்லை. கை ஆடினால் கிளி அலகை முதலில் நீட்டிப் பிடியைச் சோதிக்கும். மரக்கிளையிலும் அது அவ்வாறே செய்கிறது. இதனைக் கடிக்க வருவதாக எண்ணிக் கையை இழுத்துக்கொண்டால், இந்தக் கிளை நம்பத்தகாதது எனக் கிளி கற்றுக்கொள்ளும்.

தடவுதல் தலையோடும் கழுத்தோடும் நிற்க வேண்டும். கிளிகள் ஒன்றுக்கொன்று கோதிவிடுவது அங்கேதான். முதுகையும் சிறகின் அடியையும் தடவுவது இணைசேரும் தூண்டலைத் தந்து, பின்னாளில் சினமும் இடைவிடாத முட்டையிடலும் போன்ற சிக்கல்களுக்கு இட்டுச் செல்லக் கூடும். தலையைத் தாழ்த்திக் கழுத்து இறகுகளைச் சிலிர்த்துக் காட்டும் கிளி தடவச் சொல்லிக் கேட்கிறது. மூன்று நொடிகள் தடவிவிட்டு நிறுத்திப் பார்க்கலாம். வேண்டுமென்றால் மீண்டும் தலையைக் காட்டும்.

மறுக்கும் உரிமை உள்ள கிளி நன்கு ஒத்துழைக்கும் என்பதற்கு அலெக்ஸ் என்னும் சாம்பல் கிளி எடுத்துக்காட்டாகக் கூறப்படுவதுண்டு. ஐரீன் பெப்பர்பெர்க் 1977இல் சிக்காகோ பகுதிக் கடை ஒன்றில் வாங்கிய இக்கிளி, 2007இல் இறக்கும் வரை முப்பது ஆண்டுகள் அவரது ஆய்வுகளில் பங்குகொண்டது. நிறம், வடிவம், எண்ணிக்கை ஆகியவற்றைச் சொற்களால் கூறியது. சோதனைகளில் சலிப்புற்றபோது, திரும்பிப் போக வேண்டும் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களையும் அது பயன்படுத்தியது. சொற்கள் அறியாத கிளிகளும் அதையே கூறுகின்றன, உடலால்.

கடித்தல்

கடித்தல் கிளியின் கெட்ட குணமாகவோ பழிவாங்கலாகவோ கருதப்படுகிறது. பெரும்பாலும் அது மனிதர் கற்பித்த ஒன்றாகும். காட்டில் கிளிகள் ஒன்றையொன்று எச்சரிக்கப் பெரும்பாலும் உடற்குறிப்புகளையும் ஒலியையுமே பயன்படுத்துகின்றன. எச்சரிக்கப்பட்ட பறவை விலகிப் பறந்துவிடும். கூண்டில் விலக இடமில்லை. சாய்தல், முகம் திருப்புதல், சீறுதல் எதற்கும் கை பின்வாங்கவில்லை என்றால் கிளி கடிக்கிறது. கை உடனே பின்வாங்குகிறது. இவ்வாறு சில முறை நிகழ்ந்ததும் முந்தைய குறிப்புகளால் பயனில்லை என்பதையும் கடி மட்டுமே பலிக்கும் என்பதையும் கிளி கற்கிறது. பிறகு அது எச்சரிக்காமலே கடிக்கத் தொடங்குகிறது. 'திடீரெனக் கடிக்கும் கிளி' எனக் கைமாற்றிவிடப்படும் பல பறவைகளின் பின்னணி இதுவே.

கடித்த கிளியைக் கத்துதல், அலகில் தட்டுதல், கூண்டைத் துணியால் மூடுதல், நீர் தெளித்தல் ஆகியவை பயனற்றவை. நீர் தெளித்தல் இன்னும் ஒரு வகையில் கேடானது: குளிப்பதற்காகத் தெளிக்கும் நீருக்கும் கிளி அஞ்சத் தொடங்கும். கடிபட்டவர் அசையாது, ஒலி எழுப்பாது கிளியை அருகிலுள்ள கம்பில் இறக்கிவிட்டு, அதற்கு முந்தைய நொடிகளில் தாம் எந்தக் குறிப்பைக் கவனிக்கத் தவறினோம் என எண்ணிப் பார்ப்பதே அடுத்த கடியைத் தவிர்க்கும் வழி. சாம்பல் கிளியின் அலகு கொட்டைகளை உடைக்க வல்லது. அது தோலைக் கிழிக்காமல் விரலைப் பற்றி மட்டும் விட்டால் அதுவும் ஓர் எச்சரிக்கையே. அது எவ்வளவு தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டது என்பதை வளர்ப்பவர் உணர்வதில்லை.

விலக்கப்பட்ட முறைகள்

கிளியைத் துண்டால் பிடித்து, அது போராடுவதை நிறுத்தும் வரை கையில் வைத்திருப்பது ஒரு காலத்தில் விரைவான முறையாகப் போற்றப்பட்டது. போராட்டம் நிற்பது உண்மை. ஆனால் அது இணக்கம் அன்று. 1967இல் செலிக்மன், மையர் ஆகியோர் நாய்களைக் கொண்டு நடத்திய ஆய்வுகள், தப்பவியலாத துன்பத்துக்கு உட்படுத்தப்பட்ட விலங்கு பின்னர் தப்ப வழியிருந்தும் முயலாமல் கிடப்பதைக் காட்டின. துண்டில் சுற்றப்பட்டு ஓய்ந்துபோன கிளியின் நிலையும் இத்தகைய கையறுநிலை ஆகலாம். மருத்துவத்துக்காகத் துண்டில் பிடிக்க வேண்டிய தேவை வரும் என்பதால், துண்டையும் தீனியோடு சிறிது சிறிதாக அறிமுகம் செய்து வைப்பது வேறு.

கிளியின் தலை மனிதரின் கண்மட்டத்துக்கு மேல் இருக்கக் கூடாது, இருந்தால் அது தன்னைத் தலைவனாக எண்ணிக்கொள்ளும் என்ற கருத்து 1990களின் கிளி வளர்ப்பு நூல்களில் காணப்பட்டது. இதற்குச் சான்று இல்லை. உயரத்தில் இருக்கும் கிளி இறங்கி வர மறுப்பதற்குக் காரணம், அங்கு அது பாதுகாப்பாக உணர்வதே.

சிறகின் பறப்பு இறகுகளைக் கத்தரித்தல் இன்னும் விவாதத்துக்குரியது. கத்தரித்தால் மின்விசிறி, திறந்த சன்னல் ஆகியவற்றால் வரும் இடர் குறையும் என்பர் ஒரு சாரார். இறகுகள் அடுத்த இறகுதிர்வில் மீண்டும் வளரும் என்பதும் உண்மை. ஆயினும் பறக்க இயலாத கிளிக்கு விலகிச் செல்லும் வழி அடைபடுகிறது. மேலே கூறிய காரணத்தால் அதற்குக் கடிப்பதே எஞ்சுகிறது. பசியால் பணிய வைப்பது பற்றிக் கூறவே வேண்டியதில்லை. விருப்பத் தீனியைப் பயிற்சி நேரத்துக்கென ஒதுக்கி வைப்பது வேறு, உணவை மறுப்பது வேறு.

கைமாறிய கிளிகள்

காக்கட்டீல் நன்கு பேணப்பட்டால் 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். சாம்பல் கிளி 40 ஆண்டுகளைக் கடந்தும் வாழக்கூடியது. வளர்ப்பவரின் முதுமை, இறப்பு, வெளிநாட்டு வேலை, குழந்தை பிறப்பு, வாடகை வீட்டு விதிகள் என ஏதோ ஒரு காரணத்தால் ஒரே கிளி இரண்டு மூன்று வீடுகளைக் காண்பது அரிதன்று.

இத்தகைய கிளிகளுக்கு முந்தைய வீட்டின் நினைவு இருக்கும். குறிப்பிட்ட நிறத்துணி, தொப்பி, துடைப்பம், ஆண் குரல் என எதற்கேனும் அவை அஞ்சக்கூடும். காரணம் கடைசிவரை தெரியாமலே போகலாம். சில தம் பழைய வீட்டாரின் பெயரைச் சொல்லி அழைக்கும், அவர்களது இருமலையும் தொலைபேசி மணியையும் எழுப்பும். புதிய வீட்டார் இதனால் மனம் நோவதுண்டு. இவை கிளி தன் கூட்டத்தைத் தேடி எழுப்பும் தொடர்பொலிகளாகவும் இருக்கலாம். அவ்வொலிக்கு ஒரு சீழ்க்கையாலோ சொல்லாலோ மறுமொழி தருவது நற்பயன் தரும். நாளடைவில் கிளி அந்தப் புதிய ஒலியையே எழுப்பத் தொடங்கினால், இந்த வீட்டாரைத் தன் கூட்டமாகக் கொள்ளத் தொடங்கிவிட்டது எனக் கருதலாம்.

தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும் பழக்கம் சாம்பல் கிளிகளிலும் காக்கட்டூக்களிலும் மிகுதி. நோய், ஊட்டக்குறைவு, வறண்ட காற்று, தனிமை, செயலின்மை எனக் காரணங்கள் பல. எனவே முதலில் மருத்துவ ஆய்வும், பிறகு மெல்வதற்கும் கிழிப்பதற்கும் பொருட்களும் தேவை. பனையோலை, தென்னங்குருத்து, அச்சிடாத அட்டை, வேப்பங்குச்சி ஆகியவை செலவில்லாதவை. இறகு வேர் பலமுறை சிதைந்திருந்தால் மீண்டும் வளராது. மார்பு மொட்டையான கிளி அப்படியே பல ஆண்டுகள் இணக்கமாக வாழ்வதுண்டு. இறகு வளர்வதை நம்பிக்கையின் அளவாகக் கொள்ளுதல் ஆகாது.

மனிதர் எவ்வளவு நேரம் செலவிட்டாலும் அவர் மற்றொரு கிளிக்கு ஈடாவதில்லை. 2014இல் வெளியான ஆசுத்திரிய ஆய்வொன்று, தனியே வளர்க்கப்பட்ட சாம்பல் கிளிகளின் நிறப்புரி நுனிகளான டெலோமியர்கள், இணையோடு வளர்க்கப்பட்டவற்றினதை விடக் குறுகியிருப்பதைக் கண்டது. டெலோமியர் குறுகுதல் முதுமையோடும் உடல் அழுத்தத்தோடும் தொடர்புடையது. ஆயினும் பழகாத கிளிக்கு உடனே ஒரு துணையைக் கொண்டுவந்து ஒரே கூண்டில் இடுவது சண்டையில் முடியலாம். இரண்டாம் கிளியையும் அதே பொறுமையுடன், தனிக் கூண்டில் தொடங்கியே அறிமுகப்படுத்த வேண்டும்.

இந்தியாவில் சட்டநிலை

தமிழ்நாட்டில் கிளி என்றதும் நினைவுக்கு வரும் செந்தார்ப் பைங்கிளியை வீட்டில் வளர்க்கச் சட்டம் இடந்தருவதில்லை. மதுரை மீனாட்சியின் கையிலும் ஆண்டாளின் கையிலும் கிளி இடம்பெறும் நாட்டில் இது பலருக்கு வியப்பளிக்கும். இந்தியக் கிளி இனங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுகின்றன. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைத்திருப்பதும் குற்றம் ஆகும். கிளி சோதிடர்களின் கிளிகளும் இதற்கு விலக்கல்ல. காயமுற்ற அல்லது கூட்டிலிருந்து விழுந்த பச்சைக்கிளியைக் கண்டெடுப்பவர் அதனைக் கைக்குப் பழக்காமல் வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். மனிதரை நம்பப் பழகிய காட்டுக்கிளியைத் திரும்பக் காட்டில் விடுவது கடினம்.

வெளிநாட்டு இனங்களின் நிலை வேறு. அழிவாய்ப்புள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையில் ஏறத்தாழ எல்லாக் கிளிகளும் இடம்பெற்றுள்ளன. பட்ஜெரிகர், காக்கட்டீல், செம்முக லவ் பேர்ட், செந்தார்ப் பைங்கிளி ஆகிய நான்கும் அதன் இரண்டாம் பின்னிணைப்பிலிருந்து விலக்கப்பட்டவை. சாம்பல் கிளி, 2016இல் சோகானசுபெர்க்கில் நடந்த மாநாட்டின் முடிவுப்படி மிகக் கடுமையான முதலாம் பின்னிணைப்புக்கு மாற்றப்பட்டது. காட்டில் பிடித்தவற்றின் பன்னாட்டு வணிகம் இதனால் 2017 முதல் தடைசெய்யப்பட்டது. இந்தியச் சட்டத்தில் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் சைட்டீஸ் இனங்களையும் உட்படுத்தியது. அதன்கீழ் 2024இல் வெளியான விதிகள், அத்தகைய பறவைகளை வைத்திருப்போர் அவற்றை 'பரிவேஷ்' இணையத்தளத்தின் வழியே பதிவு செய்யவும், கைமாறினால் அதனையும் தெரிவிக்கவும் கோருகின்றன. ஆகவே சாம்பல் கிளியொன்றைப் பிறரிடமிருந்து ஏற்பவர் கூண்டோடும் பழைய கிண்ணத்தோடும் அதன் பதிவு ஆவணங்களையும் கேட்டுப் பெற வேண்டும்.